மூன்றாம் படி

படி மூன்று: அட்டையைப் பாலத்தில் சேர்க்கவும்.
படி நான்கு: முகவரியைப் பாலத்துக்கு மாற்றவும்.

அந்தப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.
நான் சொன்னபடி கேட்பவள்.
இரவு ஒன்றே முக்காலுக்கு, வில்நுவாரில்,
சமையலறை மேசையில் லிச்சித் தோலை ஒதுக்கிவிட்டு
மூன்றைத் தட்டினேன்.

நான்கைத் தட்ட
எதிரில் யாரும் இல்லை.

கர்சர் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது.
நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், எபேனில்,
ஒற்றை இரும்புப் பெட்டிக்குள்
பதினொரு மெய்நிகர் இயந்திரங்கள்
எழுப்ப ஆளில்லாமல் உறங்கின.
ஆறு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையம் திறந்துவிடும்.

நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிறவனைப் பார்த்து
எல்லோரையும் போல நானும் சிரித்திருக்கிறேன்.
அவன் மடியிலும் ஒரு கையேடு
விரிந்து கிடந்திருக்குமோ என்னவோ.

காவென்டிஷ் பாலத்தில் என் காரைத் தவிர வேறு விளக்கில்லை.
கூர்பிப்பில் வழக்கம்போல மழை.
வாசலில் காவலர் கிஸ்லேன் குடையோடு வந்தார்.
"என்ன மாம்ஸெல், இந்த நேரத்தில்?"
"பாலம் போய்விட்டது" என்றேன்.
"எது? காவென்டிஷா?"
வெளிறிவிட்டார். அவர் மாமியார் வீடு அந்தக் கரையில்.
"இல்லை, உள்ளே ஒன்று."

கீபோர்டைச் செருகி நான்கைத் தட்டினேன்.
மூன்று நொடி.
அதற்குக் கால் டாங்கு பெட்ரோல்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களைத்
தோண்டிப் பார்த்தேன்.
ஒன்பது வருடம்.
இடையில் யாரோ ஒருவர் ஒரு காற்புள்ளியை எடுத்திருக்கிறார்,
இன்னொருவர் திரும்ப வைத்திருக்கிறார்.
மூன்றும் நான்கும் அப்படியே.

எழுதியவர் பொய் சொல்லவில்லை.
அவர் பெட்டியின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.
மூன்றுக்குப் பிறகும் அவர் கைக்கு நான்கு எட்டியது.
தொலைவில் ஒருத்தி இருப்பாள்,
அவளுக்கு அந்த ஒற்றைக் கம்பிதான் கை
என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது வருடத்தில் எத்தனை பேர்
இப்படி நள்ளிரவில் சாவியைத் தேடியிருப்பார்கள்.
தன் விரல்தான் பிசகிற்று என்று நம்பி,
மறுநாள் அலுவலகத்தில் வாய் திறக்காமல்,
அடுத்தவருக்கு அதே பக்கத்தை அனுப்பியும் வைத்திருப்பார்கள்.

படி என்றால் ஏறுவது.
படி என்றால் வாசி.
படி என்றால் நகல்.
மூன்றிலும் சறுக்கியவள்
நான் ஒருத்தியாக இருக்க முடியாது.

இரண்டு கட்டளைகளையும் ஓர் அரைப்புள்ளியால் கோத்து
ஒரே வரியாக்கினேன்.
கீழே ஒரு வாக்கியம்:
தொலைவிலிருந்து செய்பவர்கள் இதை ஒரே மூச்சில் செய்க.

"சான்று?" என்று கேட்டார் சரிபார்ப்பவர்.
பெட்ரோல் ரசீது இருக்கிறது என்று எழுதி, அழித்தேன்.
சோதித்த விதத்தை ஒழுங்காக எழுதினேன்.
நான்கு நாள் கழித்து, சேர்க்கப்பட்டது.
அன்று மீன் வாங்கிப் பொரித்தேன்.
காரணம் யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள்
பெயருக்குப் பதில் எண் மட்டும் வைத்திருந்த ஒருவர்
என் திருத்தத்தைத் திருத்தியிருந்தார்.
இரண்டு படி ஒன்றானதில்
ஏழாம் படி ஆறாகிவிட்டது;
பக்கத்தின் அடியிலோ 'படி ஏழைப் பார்க்க' என்றே கிடந்தது.
நான் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கவில்லை.
குறிப்பில் இரண்டே சொல்: எண் பிசகு.
இல்லாத ஏழைத் தேடி
அவர் எங்கே, எந்த மழையில் அலைந்தாரோ.

கிஸ்லேன் இன்னமும் கேட்கிறார்,
"பாலம் எப்படி?"
"நிற்கிறது."
தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில்
என் வருகையை நேற்றைய தேதியில் எழுதுகிறார்.
பேனாவைக் கேட்டு வாங்குகிறேன்.